ஊருக்கு ஊர் நடந்துபோக ஒரு வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கதிர்காமக் கொடியேற்றம் நெருங்கிவிட்டால் உங்கள் பத்திரிகையில் பாதயாத்திரை அடியார்களின் படம் வராத நாளில்லை. வெருகலில் தங்கினார்கள், மாமாங்கத்தில் தங்கினார்கள், மண்டூரைத் தரிசித்தார்கள், உகந்தையில் காட்டுப்பாதை திறந்தாயிற்று என்று செய்திகள் வரும். அந்த நாட்களில், மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடற்பக்கமாக உள்ள எங்கள் எழுவான்கரை ஊர்களில் வாசலுக்கு வாசல் மோரும் தேசிக்காய்த் தண்ணியும் கரைத்து வைத்துக் காத்திருப்போம். நடந்து வருகிறவரைக் கும்பிட்டு வரவேற்பது எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பழக்கமல்ல. அடியார்கள் போன பிறகு, வருஷத்தின் மிச்ச நாட்களில் அதே தெருவில் நடந்து போகிறவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் குடும்பநல மருத்துவமாதுவாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். முதல் நியமனம் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் கிடைத்தது. குருக்கள்மடம் துறையில் படகுப்பாதை என்னும் மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து அம்பிளாந்துறையில் இறங்குவேன். அங்கிருந்து வயல் வரம்பு, வாய்க்கால் கட்டு, பிறகும் வரம்பு. பையில் குழந்தை நிறுக்கும் தராசும் பதிவுப் புத்தகமும், கையில் குடையும். கிளினிக்கில் தலையைக் குனிந்துகொண்டு "ஒண்டுமில்ல மிஸி" என்று சொல்லிவிட்டுப் போகும் பிள்ளை, வீடு திரும்பும்போது வரம்பில் எனக்குப் பின்னால் நடந்து வருவாள். முகத்தை முகம் பார்க்க வேண்டியதில்லை. அப்போதுதான் மெல்ல வாய் திறப்பாள். மாமி வயிறாரச் சாப்பிட விடுவதில்லை, நேற்றிலிருந்து வயிற்றில் பிள்ளை அசையவில்லை என்பாள். அப்படி வழியில் கேட்ட ஒரு சொல்லால் ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு அனுப்பிய பிள்ளைகள் உண்டு. இன்று அவர்களின் பிள்ளைகள் என்னை வீதியில் கண்டு சைக்கிளை விட்டு இறங்கிக் கதைக்கிறார்கள்.

ஆனால் நின்று கதைக்க அந்த வீதியில் இடமில்லை. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய அந்த நிலத்தில் ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், மாங்காடு, தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிக்குடி என்று ஊர்கள் கைகோத்தாற்போல் நிற்கின்றன. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக அரை மணித்தியாலம், கூடிப்போனால் முக்கால் மணித்தியால நடை. இத்தனை கிட்டக் கிடக்கும் ஊர்களுக்கிடையே நடக்கிறவருக்கு இன்று மிஞ்சியிருப்பது ஏ4 பிரதான வீதியின் ஓரம் மட்டும். காபட் போட்டபின் வாகனங்களின் வேகம் கூடிவிட்டது. ஓரத்தில் லொறி நிற்கும், கடைக்காரரின் பலகை நிற்கும், அறுவடைக் காலத்தில் நெல் காயும். வடிகான் மூடி சில இடங்களில் உடைந்து வாய் பிளந்து கிடக்கும். இவற்றையெல்லாம் சுற்றிக்கொண்டு போக வேண்டுமானால் தார் றோட்டில்தான் இறங்க வேண்டும்.

அண்மையில் காலையில் ஒரு தாயைக் கண்டேன். ஒரு கையில் பாலர் பாடசாலைப் பிள்ளை, மறுகையில் சந்தைப் பை, இடுப்பில் இன்னொரு குழந்தை. பின்னால் இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. சத்தம் கேட்டதும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்து வேலியோடு சேர்த்துத் தன் முதுகால் மறைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பஸ்கள் போன பிறகு பிள்ளையின் கண்ணில் விழுந்த மண்ணை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி நடந்தாள். அது அவளுக்கு அன்றாடம் பழகிப்போன காரியம் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. "ஒவ்வொரு நாளும் பயமாக் கிடக்குகா மிஸி. என்ன செய்யிற? வேற வழி இல்லையே" என்றாள்.

வேறு வழி உண்டு, ஆசிரியர் அவர்களே. துண்டு துண்டாகக் கிடக்கிறது என்பதுதான் என் முறைப்பாடு.

ஆற்றங்கரைப் பக்கமாக (வாவியைத்தான் நாங்கள் ஆறு என்போம்) எங்கள் ஊர் ஒழுங்கையில் தெற்கே போனால் கொங்கிறீட் கடைசி வளவோடு நின்றுவிடும். அதற்கப்பால் மணல் வழி. ஒரு பக்கம் கண்டல், மறுபக்கம் தென்னந்தோப்பு. வலை உலர்த்துகிறவர்கள் விலகி வழிவிடுவார்கள். கொஞ்சத் தூரத்தில் ஒரு வடிச்சல் வாய்க்கால் குறுக்கே வரும். அதில் யாரோ புண்ணியவான் இரண்டு தென்னங்குற்றிகளைப் போட்டிருக்கிறார். கோடையில் கடக்கலாம், மாரியில் அவை பாசி பிடித்து வழுக்கும். அதையும் தாண்டினால் முள்ளுக்கம்பி வேலி. அந்த இடத்தில் பிரதான வீதிக்கு ஏறி, அடுத்த ஊரின் முதல் ஒழுங்கையில் மறுபடி இறங்க வேண்டும். நடுவில் அறுந்து கிடப்பது என் கண்ணளவில் 300 மீற்றர் கூட வராது. கடற்கரைப் பக்கமும் இதே கதைதான். அடம்பன்கொடியும் சவுக்கும் உள்ள அருமையான வழி, ஊர் எல்லைக்கு எல்லை தடைப்பட்டு நிற்கிறது.

ஏன் இப்படி என்று யோசித்துப் பார்த்தால் யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. வேலைக்கான பணம் பிரிவு பிரிவாக ஒதுக்கப்படுகிறது. ஒவ்வொரு பிரிவும் தன் எல்லைக்குள் ஒழுங்கையைப் போட்டு முடிக்கிறது. எல்லைக் கோட்டில் கிடக்கும் அந்த 300 மீற்றர் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. 1978 சூறாவளியும் 2004 சுனாமியும் கரையோர வழிகள் பலவற்றை அடையாளமில்லாமல் துடைத்துவிட்டன. திரும்பி வீடு கட்டியவர்கள் தங்கள் பயத்துக்கு ஏற்ற இடத்தில் வேலி போட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். இந்தக் கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன. என் சின்ன வயதில் மருதமுனையிலிருந்து கைத்தறிப் புடவையும் சாரமும் பொட்டணியாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்து வருவார்கள். திண்ணையில் பொட்டணியை அவிழ்த்தால் அன்று மத்தியானம் வரை அம்மா சமையலை மறந்துவிடுவார். பணம் தவணையில் கொடுத்தால் போதும், அடுத்த முறை நடந்து வரும்போது வாங்கிக்கொள்வார்கள். 1990இல் இரு சமூகங்களுக்கும் இடையே நடந்த வன்செயல்களுக்குப் பிறகு ஊருக்கு ஊர் நடப்பது நின்றுபோனது. பஸ்ஸில் ஏறி, அடுத்த ஊரைக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு கடந்து போகப் பழகிவிட்டோம். எல்லையில் அந்த நாளில் அடைத்த ஒற்றையடிப் பாதைகளில் பல இன்றும் அடைத்தபடியே உள்ளன. அடைத்தவர்களுக்கே இப்போது அடைத்த காரணம் முக்கியமாக இல்லை. திறப்பதற்கு ஒருவர் முன்வர வேண்டும், அவ்வளவுதான்.

பாலங்கள் வந்ததை நான் சந்தோஷமாகவே வரவேற்கிறேன். 2013இல் கல்லடியில் புதிய பாலம் திறந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கர்ப்பிணித் தாய்மார் துறையில் படகுப்பாதைக்குக் காத்திருந்த காலம் போனது. அந்தக் காத்திருப்பின் வேதனையை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். ஆனால் கல்லடியில் 1928இல் கட்டிய பழைய பாலத்துக்கு ஒரு மாலை நேரம் போய்ப் பாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள், சீனி வருத்தத்துக்காக நடக்கிறவர்கள், சும்மா காற்று வாங்குகிறவர்கள் என்று எத்தனை பேர்! கனரக வாகனம் வராத ஒரு வழி கிடைத்தால் எங்கள் சனம் நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

"இப்போது எல்லா வீட்டிலும் மோட்டார் சைக்கிள் இருக்கிறதே" என்று ஓர் உத்தியோகத்தர் என்னிடம் கேட்டார். வீட்டில் ஒன்று இருக்கும். அதைக் கணவன் அல்லது மகன் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவான். மனைவியும் மாமியும் படிக்கிற பிள்ளையும் நடக்கத்தான் செய்கிறார்கள். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்தபோது எல்லோருமே நடந்தோம். அப்போது ஒழுங்கைகளைத் தேடித் தேடிப் போனவர்கள் ஏராளம். வரிசை முடிந்ததும் அந்தப் பாடத்தையும் மறந்துவிட்டோம்.

பிரித்தானியாவில் இருக்கும் என் பெறாமகள் ஒரு விஷயம் சொன்னாள். அங்கே 2020 கொரோனா முடக்கத்தின்போது ஏறத்தாழ 700 தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தபடியே வரைபடத்தைப் பார்த்து, நாட்டின் ஊர்களையும் நகரங்களையும் ஒன்றோடொன்று நடைவழியால் இணைத்துக் கோடு வரைந்தார்களாம். ஸ்லோ வேஸ் என்று பெயர். 7,000க்கும் மேற்பட்ட வழிகள், மொத்தம் 1,00,000 கிலோமீற்றருக்கும் அதிகம். புதிதாக ஒரு றோட்டும் போடவில்லை. இருக்கிற ஒற்றையடிப் பாதைகளையும் ஒழுங்கைகளையும் எடுத்துக் கோத்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு வழியையும் ஆட்கள் நடந்து பார்த்து, இங்கே சேறு, இங்கே படலை பூட்டியிருக்கிறது, இங்கே சக்கர நாற்காலி போகும் என்று எழுதிவைக்கிறார்கள். எங்கள் நாட்டிலும் மலையகத்தில் பீக்கோ ட்ரெயில் என்று 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாக, பழைய தேயிலைத் தோட்ட வழிகளைக் கோத்து நடைபாதை அமைத்திருக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் உல்லாசப் பயணிகளை எண்ணிச் செய்தது. இங்கே நான் கேட்பது சந்தைக்கும் பாடசாலைக்கும் கிளினிக்குக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர்களுக்காக.

2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து தலைவரில்லாமல் கிடந்த பிரதேச சபைகளுக்கு 2025 மே 6 தேர்தலோடு மறுபடி உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். ஏ4 வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது, அதில் சபைகளால் அதிகம் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். ஊர் ஒழுங்கைகள் அப்படியல்ல. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உள்ளூர் வழிகளைப் பராமரிக்கும் பொறுப்பைச் சபைகளிடமே கொடுத்திருக்கிறது. மண்முனைப் பற்று சபையும் மண்முனை தென் எருவில் பற்று சபையும் ஒரு மேசையில் இருந்து, தங்கள் எல்லையில் அறுந்து கிடக்கும் இடங்களை முதலில் எழுதட்டும். பழைய ஒரு அங்குல நில அளவைப் படங்களில் கால்வழிகள் உடைந்த கோடாகக் குறிக்கப்பட்டிருக்கும், அவற்றை எடுத்துப் பார்க்கலாம். உயர்தரத்தில் புவியியல் படிக்கும் பிள்ளைகளிடம் கைபேசியைக் கொடுத்து, எழுபது தாண்டிய ஒரு பெரியவரை முன்னால் நடக்கவிட்டால் படம் தானாக வந்துவிடும். எந்த மரத்தடியால் வழி போனது, யாருடைய வளவுக்குள்ளால் கிறுகியது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இதில் அவசரமும் உண்டு. அந்தப் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

காபட்டும் வேண்டாம், கொங்கிறீட்டும் வேண்டாம். கொங்கிறீட் போட்டால் அடுத்த நாளே மோட்டார் சைக்கிள் பறக்கும். மணல் இறுகிய வழியே போதும். வாய்க்கால்களுக்கு மட்டும் கைப்பிடி வைத்த சிறு பாலம், சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகும் அகலத்தில். பூவரசும் வேம்பும் நட்டால் பத்து மணி வெயிலிலும் நடக்கலாம். தனியார் வளவு குறுக்கிட்டால் உரிமையாளரோடு பேசி வேலியோரமாக ஒரு ஆள் நடக்கும் இடம் கேட்கலாம். முறையாகக் கேட்டால் கொடுக்கிற மனம் எங்கள் ஊர்களில் உண்டு.

எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து பொருந்தாது. ஓந்தாச்சிமடம், கல்லாறு பக்கம் நிலம் மிகவும் ஒடுங்கிப் பாலத்தால்தான் போக வேண்டும், அங்கே பாலத்தின் ஓரத்தில் நடப்பவருக்குத் தடுப்புப் போட்ட ஒரு பட்டி வேண்டும். படுவான்கரையில் யானை வருவதால் இருட்டில் நடக்கும்படி யாரையும் ஊக்குவிக்க முடியாது, பகல் வழியாகவே அமைய வேண்டும். கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதியைத் தனியாகவே சொல்ல வேண்டும். மாரியில் அதன் மேலால் வெள்ளம் பாயும்போது வேலைக்குப் போகிறவர்களும் மாணவர்களும் படும் பாட்டை உங்கள் நிருபர்களே பலமுறை எழுதியிருக்கிறார்கள். அங்கே நடப்பவரை நினைத்து எதைக் கட்டினாலும் அது உயிர் காக்கும் வேலை.

கேட்பது பெரிய தொகையல்ல. முதலில் செட்டிபாளையத்திலிருந்து களுவாஞ்சிக்குடி வரை ஆற்றங்கரை வழியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். களுதாவளையின் வெற்றிலைத் தோட்டங்களையும் மரக்கறித் தோட்டங்களையும் தொட்டுக்கொண்டு போகும் அந்த வழியில் தோட்டக்காரருக்கும் பயனுண்டு. வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை விடியப்புறம் இரு சபைகளின் தவிசாளர்களும் பிரதேச செயலக உத்தியோகத்தர்களும் வாகனத்தைச் செட்டிபாளையத்தில் விட்டுவிட்டு நடந்து வரட்டும். தென்னங்குற்றி போட்ட வாய்க்காலையும் முள்ளுக்கம்பி நிற்கும் இடத்தையும் நான் காட்டுகிறேன். என் பெயரும் தொலைபேசி இலக்கமும் உங்கள் அலுவலகத்தில் உள்ளன. தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற குடும்பநல மருத்துவமாது,
குருக்கள்மடம்.