சித்தப்பாவின் ரிப்போர்ட் பற்றி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. பயாப்சி ரிப்போர்ட்டின் நகலையும் பார்த்தேன். ‘கிளியோபிளாஸ்டோமா, கிரேடு 4’ என்ற வரிக்குக் கீழே கோடு போட்டு, “நீ அங்கே படிப்பது இதைத்தானே, என்ன இது?” என்று கேட்டிருக்கிறாய். அது மூளையில் வரும் புற்றுநோய்க் கட்டி, கிரேடு 4 என்றால் மிகத் தீவிரமானது. விவரமாக எழுதுகிறேன். சித்தியிடம் எதைச் சொல்வது என்று நீ பார்த்துக்கொள்.

இங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அறையைவிட ஆய்வகம் கதகதப்பாக இருப்பதால் ராத்திரி வரை அங்கேயே இருந்துவிடுகிறேன். பக்கத்து மேசைப் பெரியவர் மனிதர்களிடம் அதிகம் பேசமாட்டார். ஆனால் செல் வளரும் தட்டுகளை வெளியே எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் காலை வணக்கம் சொல்வார். அந்தத் தட்டுகள் இருக்கும் பெட்டி எப்போதும் 37 டிகிரி. கதவைத் திறந்தால் முகத்தில் ஈரச்சூடு வந்து படும். அந்த நேரத்தில் நம் வீட்டு நினைப்பு வந்துவிடும், அக்கா. கொஞ்சம் அப்படியே நின்றுவிட்டுத்தான் மூடுவேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செல்லின் மேற்பரப்பில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்றொரு புரதம் இருக்கிறது. ‘வளரு’ என்ற சேதியை வாங்கி உள்ளே அனுப்புவது அதுதான். அந்தச் சேதிக்கு பிரேக் போடுவது பிடென் என்ற இன்னொரு புரதம். இந்தக் கட்டியில் பல பேருக்கு முதலாவது அளவுக்கு மீறி இருக்கும், இரண்டாவது குறைந்திருக்கும். மரபணு பழுதானதுதான் பெரிய காரணம். ஆனால் அது மட்டுமில்லை.

ஆர்.என்.ஏ. என்றால் புரதம் செய்வதற்காக மரபணுவிலிருந்து எடுக்கும் நகல் என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். புரதமே ஆகாத ஆர்.என்.ஏ.க்களும் ஏராளம். அவற்றில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது சுமார் 22 எழுத்து நீளம்தான். மற்ற நகல்களில் போய் ஒட்டிக்கொண்டு, அவை புரதமாகாமல் தடுத்துவிடும். 1993-இல் ஒரு சின்னப் புழுவில் முதலில் கண்டுபிடித்தார்கள். அதற்குத்தான் 2024-இல் ஆம்ப்ரோஸுக்கும் ருவ்குனுக்கும் நோபல் பரிசு.

இந்தக் கட்டியில் மிர்-21 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. மிக அதிகமாக இருக்கிறது. அது அடக்கும் புரதங்களில் பிடெனும் ஒன்று. ஈ.ஜி.எஃப்.ஆரை அடக்கிவைக்கும் மிர்-7 என்ற இன்னொன்று குறைந்துபோகிறது. கட்டி தன் மிர்-21-ஐ நுண்பைகளில் அடைத்து, மூளையின் காவல் செல்களுக்கும் அனுப்புகிறது. அவை எதிர்ப்பதை விட்டுவிட்டு அதற்கே உதவத் தொடங்குகின்றன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

மிர்-21-ஐத் தடுத்தால் தட்டில் வளரும் கட்டி செல்கள் செத்துப்போவதை 2005-லேயே காட்டிவிட்டார்கள். மனிதருக்கான மருந்துதான் இன்னும் வரவில்லை. ரத்தத்திலிருந்து மூளைக்குள் அதைக் கொண்டுசேர்ப்பது கடினம். ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான நகல்களைத் தொடுவதால், வேறு எதைக் கெடுக்கும் என்ற பயமும் இருக்கிறது. என் வேலை சித்தப்பாவுக்கு உதவும் என்று சித்தி நம்பிக்கொண்டிருந்தால், மெதுவாகச் சொல்லிவிடு. என்னால் முடியவில்லை.

எத்தனை நாள் என்று கேட்டிருந்தாய். கதிர்வீச்சோடு டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரையும் கொடுத்துப் பார்த்த 2005 ஆய்வில் பாதிப் பேர் 14.6 மாதத்தைத் தாண்டினார்கள். சிலர் பல வருடம் இருந்தார்கள். அடுத்த முறை டாக்டரிடம் எம்.ஜி.எம்.டி. மெத்திலேஷன் பரிசோதனை செய்தார்களா என்று கேள். எம்.ஜி.எம்.டி. என்பது ஒரு மரபணு, மெத்திலேஷன் என்பது அதை அணைத்துவைக்கும் ரசாயன அடையாளம். மெத்திலேஷன் இருந்தால் அந்த மாத்திரை கூடுதலாகப் பலன் தரும். வீக்கத்துக்குக் கொடுத்த ஸ்டீராய்டை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. செல்போனால் வந்ததா, கவலையால் வந்ததா என்று யாரும் சித்தப்பாவைக் குடைய வேண்டாம்.

பணம் எனக்குத் தாராளமாக இருக்கிறது, அதைப் பற்றி அப்பாவிடம் பேச்செடுக்காதே. வேலை அதிகம் என்பதால்தான் இந்த விடுமுறைக்கு வரவில்லை. வீட்டுப் பத்திரத்தில் சித்தப்பா இப்போதே கையெழுத்துப் போடுவது நல்லது. கை நடுக்கம் கூடும் முன் முடித்துவிடுங்கள். என் கையெழுத்தும் வேண்டுமென்றால் தாளை அனுப்பு. தம்பியின் படிப்பை நிறுத்த வேண்டாம் என்று சித்தியிடம் சொல், மீதியை நான் அனுப்புகிறேன். அப்புறம், அடுத்த ஸ்கேன் தேதியை உடனே எழுது.

அன்புடன்,
உன் தம்பி