பழைய 8085-க்கும் புதிய சிப்புக்கும் நடுவே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று படித்ததும் வீடே கலகலப்பாகிவிட்டது. குடும்பத்தோடு முன்கூட்டியே வந்துவிடுவோம், கவலைப்படாதே. இங்கே அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. மீண்டும் செய்தித்தாளை வரி விடாமல் படிக்கிறார்.

ஆய்வகத்து 8085 கிட்டை, அந்தப் பழைய மைக்ரோபிராசசர் பயிற்சிப் பலகையை, யாரும் குப்பையில் போட விடாமல் நீ காப்பாற்றி வைத்திருப்பது எனக்கு எத்தனை மகிழ்ச்சி தெரியுமா? அதன் பஸ்ஸை (சிப்புகள் பேசிக்கொள்ளும் கோடுகளை) ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சிறு மைக்ரோகண்ட்ரோலர் பலகையால் படித்து மாணவர்களுக்குத் திரையில் காட்டுவது, தேவைப்படும்போது பிக்கோவையே நினைவகமாக நடிக்க வைப்பது, இரண்டுமே அருமையான யோசனை. நாம் படித்தபோது, அட்ரஸ் (நினைவக முகவரி) வெளியே வருவதை அறிவிக்கும் ஏ.எல்.இ. துடிப்பைக் கண்ணால் பார்த்தோமா? கரும்பலகையில் வரைந்ததை நம்பினோம், அவ்வளவுதான்.

இரண்டையும் இணைக்கும் சிறிய பலகைக்கு, வோல்ட் மட்டத்தை மாற்ற எந்தச் சிப் பொருந்தும் என்ற உன் கேள்விக்கு வருகிறேன். அட்ரஸும் டேட்டாவும் மாறிமாறிப் போகும் ஏ.டி. கோடுகள் எட்டு, மேல் அட்ரஸ் கோடுகள் எட்டு, ஏ.எல்.இ., படிக்கச் சொல்லும் ஆர்.டி., எழுதச் சொல்லும் டபிள்யு.ஆர்., நினைவகமா வெளிச்சாதனமா என்று காட்டும் ஐஓ/எம், கிளாக் அவுட், ரெடி என்று மொத்தம் 22. கிட் பக்கம் 5 வோல்ட், பிக்கோ பக்கம் 3.3 வோல்ட். பிக்கோவின் பின்கள் (கால்கள்) 5 வோல்ட்டைத் தாங்காது. இதில் ஏ.டி. கோடுகள்தான் படுத்துபவை. முதல் கிளாக்கில் அட்ரஸ் வெளியே போகும், அதே கோடுகளில் உடனே டேட்டா உள்ளே வரும்.

திசையைத் தானே உணரும் டிஎக்ஸ்பி0108 என்ற மட்ட மாற்றிச் சிப் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அது சமிக்ஞை மாறும் கணத்தில் மட்டும் பலமாகத் தள்ளும், பிறகு 4 கிலோ ஓம் வழியாகத்தான் மட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். உன் கிட்டில் அட்ரஸைப் பிடித்துவைக்கும் 74எல்எஸ்373 ஒவ்வொரு கோட்டிலும் 0.4 மில்லி ஆம்பியர் வரை தள்ளக்கூடியது. அந்த மெலிந்த பிடியால் அதை அடக்க முடியாது. பூஜ்யமாக இருக்க வேண்டிய கோடு, பூஜ்யத்துக்கு எல்லையான 0.8 வோல்ட்டுக்கு மேலே எழும்பிவிடக் கூடும்.

அடுத்தது, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒற்றை மாஸ்ஃபெட்டும் (ஒரு வகை டிரான்சிஸ்டர்), கோட்டை மேலே இழுத்துவைக்கும் இரண்டு புல்-அப் ரெசிஸ்டரும் கொண்ட முறை. சிப்புகள் இரண்டே கம்பியில் பேசும் ஐ2சி பஸ்ஸுக்காக பிலிப்ஸைச் சேர்ந்த ஹெர்மன் ஷுட்டே 1997-இல் எழுதியது. எனக்கு மிகவும் பிடித்த சுற்று அது. ஜிடிஎல்2000 சிப்பில் கிட்டத்தட்ட அதே கருத்தில் 22 டிரான்சிஸ்டர்கள் 48 பின்னுக்குள் அடங்கியிருக்கின்றன. உன் கோடுகளின் எண்ணிக்கையும் 22 என்பதால் ஆசை வரும். ஆனால் கணக்குப் போட்டுப் பார். 8085-இன் ஒரு பின் 0.45 வோல்ட்டில் உள்வாங்குவதாக உறுதி தருவது 2 மில்லி ஆம்பியர்தான். இரு பக்கமும் 4.7 கிலோ ஓம் வைத்தால் அதிலேயே ஏறக்குறைய 1.6 போய்விடும், 373-ஐயும் சேர்த்தால் எல்லைக்கே வந்துவிடுவாய். ரெசிஸ்டரை இதற்குமேல் குறைக்க வழியில்லை. 4.7 கிலோ ஓமோடு 50 பிகோஃபாரட் சேர்ந்தால் கோடு ஏற 235 நானோ நொடி என்ற அளவில் பிடிக்கும். 3 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிளாக்கே 330 நானோ நொடிதான். அதோடு 44 ரெசிஸ்டர்களைப் பற்றவைத்த பிறகு அது எப்படிச் சிறிய பலகையாக இருக்கும்?

நான் சொல்ல வருவது இதுதான்: சப்ளை எத்தனை வோல்ட் என்று பார்ப்பதற்கு முன்னால், உள்ளீடு எத்தனை வோல்ட்டை ஒன்று என்று ஏற்கும் எனப் பார். 8085, டிடிஎல் என்ற பழைய 5 வோல்ட் சிப் குடும்பத்தின் காலத்துப் பிறவி. 2 வோல்ட் வந்தாலே அதற்கு ஒன்றுதான். ஆகவே பிக்கோவின் சமிக்ஞையை 5 வோல்ட்டுக்கு உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை. கிட்டிலிருந்து வருவதை மட்டும் 3.3-இல் நிறுத்தினால் போதும்.

அதற்கென்றே இருக்கிறது சிபி3டி3245. எட்டுக் கோடுகளுக்கான ஃபெட் (டிரான்சிஸ்டர்) சுவிட்ச், 3.3 வோல்ட் சப்ளை, 20 பின். நீர் குறித்த மட்டம் ஏறியதும் தானே மூடிக்கொள்ளும் மதகு என்று வைத்துக்கொள். 5 வோல்ட் பக்கம் எவ்வளவு உயர்ந்தாலும் மறுபக்கம் சப்ளையைத் தாண்டாது. கீழ் மட்டத்தில் சில ஓம்களே தடை, தாமதம் ஒரு நானோ நொடிகூட இல்லை. திசையைச் சொல்வதற்கென்று தனிப் பின் எதுவும் கிடையாது. எந்தப் பக்கம் பேசினாலும் மறுபக்கம் கேட்கும். மூன்று சிப் போட்டால் 24 கோடுகள். ஒவ்வொன்றின் உடலும் 6.5 மில்லிமீட்டருக்கு 4.4 மில்லிமீட்டர்தான்.

ஆனால் அது சமிக்ஞைக்குப் பலம் சேர்க்காது. ரிப்பன் கேபிளைக் குட்டையாக வை. நீளமாகத்தான் வேண்டும் என்றால் திசையைச் சொல்லத் தனிப் பின் உள்ள எல்விசி8டி245 சிப்புக்குப் போய், ஆர்.டி.யை வைத்துத் திசை மாற்ற வேண்டியிருக்கும். கிளாக்கைத் தரும் கிரிஸ்டலைக் கிட்டிலேயே விட்டுவிடு. கிரிஸ்டல் இணையும் எக்ஸ்1 பின்னைப் பிக்கோவால் இயக்கப் பார்க்காதே.

சிபி3டி3245-ஐ இயக்கவும் நிறுத்தவும் உள்ள ஓ.இ. பின்னை 10 கிலோ ஓம் வழியாக 3.3-க்கு இழுத்து வை. பிக்கோ விழித்தெழுந்து அதைக் கீழே இறக்கும் வரை சுவிட்சுகள் இணைப்பைத் துண்டித்தே வைத்திருக்கட்டும். வரைபடம் தயாரானதும் அனுப்பு, பலகை செய்யக் கொடுக்கும் முன் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் விடுதி அறைத்தோழன்