தாலெத்தின் மூலை

புரூக்ளின், நியூயார்க்

அன்புள்ள செல்விக்கு,

அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் மனம் ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு.

போன மாதம் மூன்று பேர் அமர்ந்த பேத் தீன் என்ற யூத மத நீதிமன்றத்தின் முன் பதில் சொல்லி, மிக்வே என்ற சடங்குக் குளத்து நீரில் மூழ்கி எழுந்தேன். என் எபிரேயப் பெயர் ரூத் பத் அவ்ராஹாம் வெ-சாரா. யூத மதத்துக்கு மாறி வருகிறவர்களை ஆபிரகாம், சாராளின் பிள்ளைகளாகவே எழுதுவார்கள். அப்பாவின் பெயர் இருந்த இடத்தில் அதை எழுதும்போது கை சற்று நின்றது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

"தெரிந்த மொழியில் வேண்டிக்கொண்டால் போதாதா, 46 வயதில் அரிச்சுவடி எதற்கு?" என்று கேட்டிருந்தாய். போதும்தான். ஷெமா என்ற அடிப்படைப் பிரார்த்தனையை எந்த மொழியிலும் சொல்லலாம் என்று மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பே சொல்கிறது. ஆனால் எனக்கு அந்த எபிரேய எழுத்துகளே வேண்டியிருந்தன.

எழுத்து 22தான். வலமிருந்து இடமாகப் படிப்பது சீக்கிரம் பழகிவிட்டது. தாலெத், ரேஷ் என்ற இரண்டு எழுத்துகள்தான் பாடாய்ப் படுத்தின. இரண்டிலும் மேலே ஒரு கோடு, வலப்பக்கம் கீழிறங்கும் ஒரு கோடு. தாலெத்துக்கு மூலை கூராக நிற்கும், ரேஷுக்கு வளைந்துவிடும். ஷெமாவின் முதல் வசனம் 'எஹாத்' என்று முடிகிறது. இறைவன் ஒருவனே என்று பொருள். கடைசி எழுத்தை ரேஷாக எடுத்துக்கொண்டால் 'அஹேர்', வேறொருவன் என்றாகிவிடும். அந்தக் குழப்பம் வரக் கூடாதென்றே தோரா என்ற வேதத்தின் சுருளில் அந்தத் தாலெத்தைப் பெரிதாக எழுதுகிறார்கள் என்பார்கள். அதை முதன்முதலில் சுருளிலேயே பார்த்த அன்று அந்த மூலையை விட்டு என் கண் நகரவில்லை.

சித்தூர் என்ற பிரார்த்தனை நூலில் உயிரொலிக் குறிகள் உண்டு, சுருளில் கிடையாது. வாய்வழி வந்த ஓசை மறந்துவிடாமலிருக்கத் திபேரியா நகரத்து அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குறிகளை வகுத்துவிட்டார்கள். ஆனாலும் சுருளைப் பழையபடியே எழுதுகிறார்கள். ஓலையில் புள்ளி இருக்காது, பாட்டின் ஓசை தெரிந்தால்தான் மெய்யெழுத்து பிடிபடும் என்று நீ சொல்வாயே, அதை இங்கே வந்துதான் முழுதாக உணர்ந்தேன்.

ஜெபக்கூடத்தில் என் பக்கத்தில் ஒரு பாட்டி உட்காருவார். நான் திக்கும் இடத்தில் வரியின்மேல் விரலை வைத்துக் காத்திருப்பார். சொல்லை எடுத்துக் கொடுக்க மாட்டார்.

"எங்கள் முன்னோரின் கடவுளே" என்ற இடம் வரும்போது முதலில் குரல் எழும்பவில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஒபதியா என்ற மதம் மாறியவருக்கும் இதே தயக்கம் இருந்திருக்கிறது. மைமோனிடிஸ் என்ற பெரிய யூத அறிஞரிடம் கேட்டார். எதையும் மாற்றாமல் அப்படியே சொல் என்று அவர் பதில் எழுதினார். அதைப் படித்த நாள் முதல் நானும் குரலெடுத்துச் சொல்கிறேன்.

ஷாவுவோத் பண்டிகையில் ரூத் புத்தகத்திலிருந்து நான்கு வசனங்களை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தினமும் காலையில் உரக்கப் படித்துப் பழகுகிறேன்.

உன்னிடம் இருக்கும் ஏடு ஒன்றைப் படம் எடுத்து அனுப்பு. புள்ளியில்லாமல் படிக்க வருகிறதா என்று நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் மீனா