பனியன் தந்தார்கள், கேள்வி கேட்டவள் அணித்தலைவி

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

தொண்டு நிறுவனங்களும் சாரணர் இயக்கமும் சேர்ந்து செய்யும் சேவைப் பணிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இருபத்திரண்டு வருடம் சாரணியர் படை ஒன்றை, அதாவது பெண் பிள்ளைகளின் சாரணர் குழுவை, நடத்தியவள் நான். இப்படி ஒரு கட்டுரை வந்ததே எனக்கு மகிழ்ச்சி. எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை மணி நேரம் உழைத்தார்கள், எவ்வளவு பொருள் சேர்ந்தது என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தீர்கள். என்ன செய்வது என்று முடிவெடுத்தது யார் என்பது மட்டும் அதில் இல்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தொண்டு நிறுவனத்தார் எங்கள் படையைத் தேடி வந்தார்கள். பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றின் வெளிச்சுவரில் படம் வரைந்து தர வேண்டும்; பெயின்ட், பிரஷ், பனியன் எல்லாம் நாங்களே தருகிறோம் என்றார்கள். பனியனில் அவர்கள் பெயர் பெரிதாக அச்சாகியிருந்தது. அதைச் சீருடைக்கு மேலே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். நல்ல மனதோடு வந்தவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். படைக்குள் இருக்கும் சிறு அணி ஒன்றின் தலைவியான பதினான்கு வயதுப் பெண் ஒருத்திதான், "அந்தப் பிள்ளைங்ககிட்ட கேட்டீங்களா மிஸ்?" என்றாள். யாரும் கேட்டிருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவளும் அவள் அணியில் இருந்த ஆறு பேரும் நோட்டும் பேனாவுமாக என்னோடு அந்தப் பள்ளிக்கு வந்தார்கள். அங்கே படித்தவர்களில் சிலருக்குக் கொஞ்சம் பார்வை உண்டு. படிக்கட்டு முழுக்க ஒரே சாம்பல் நிறம், ஒரு படி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரிவதில்லை என்றார்கள் அவர்கள். அறவே பார்வை இல்லாதவர்கள் சொன்னது வேறு. கட்டடத்துக்குள் ஒவ்வொரு மூலையும் அவர்களுக்கு அத்துப்படி. தோட்டத்துக்குப் போகும் பாதைதான் பிடிபடவில்லை. யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போனால்தான் உண்டு. சுவரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அப்புறம் அணி உட்கார்ந்து பேசியது. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மூன்று விரல் அகலத்துக்கு மஞ்சள் பட்டை அடித்தார்கள். பாதை நெடுக இடுப்பு உயரத்துக்குக் கம்பு நட்டு, தோட்டம்வரை கயிறு கட்டினார்கள். கயிற்றில் ஒரு முடிச்சு இருந்தால் பாதை திரும்புகிறது. இரண்டு முடிச்சு அடுத்தடுத்து வந்தால் முன்னால் படி இருக்கிறது. மூன்று வந்தால் பெஞ்சு. இந்த முடிச்சுக் கணக்கை வகுத்தது எங்கள் பெண்கள் இல்லை, அந்தப் பள்ளிப் பிள்ளைகள். முடிச்சு போடத் தெரிந்தவர்கள் இவர்கள், எங்கே போட வேண்டும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். கட்டி முடித்ததும் ஒரு சிறுவன் வலது கையைக் கயிற்றில் ஓடவிட்டபடி தனியாக நடந்தான். இரட்டை முடிச்சு வந்த இடத்தில் நின்றான். கட்டைவிரலால் இரண்டு தரம் அழுத்திப் பார்த்தான். காலைத் தூக்கிப் படியில் வைத்தான். பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து சத்தமாக எங்களைக் கூப்பிட்டான்.

சுவரில் படம் இல்லையே என்று நிறுவனத்தாருக்கு முதலில் மனக்குறை. அந்தச் சிறுவன் நடந்ததைப் பார்த்த பிறகு கயிற்றுக்கும் கம்புக்கும் ஆன செலவை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். பனியனைப் பற்றி அதன்பிறகு பேச்சே வரவில்லை.

இந்த இயக்கம் தொடங்கியதே இப்படித்தான். 1907 ஆகஸ்டில் இதை நிறுவிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் முதல் முகாமை நடத்தியபோது வந்தவர்கள் சுமார் 20 சிறுவர்கள். வசதியான வீட்டுப் பையன்களும் உழைப்பாளிகள் வீட்டுப் பையன்களும் கலந்திருந்தார்கள். அவர்களை நான்கு அணியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். பெண்களை யாரும் அழைக்கவே இல்லை. 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்கு அவர்களாகவே வந்து நின்றார்கள், அடுத்த ஆண்டே சாரணியர் இயக்கம் பிறந்தது. தானாக யோசித்து முன்வரும் பிள்ளையை வளர்ப்பதற்காக உண்டான ஏற்பாடு இது. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு வந்து பதாகை பிடிக்க மட்டும் நிறுத்தினால் அவளிடம் இருக்கும் பெரிய திறமையைத் தொடாமலே திருப்பி அனுப்புகிறோம்.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டன் சாரணர் அமைப்பு 2015இல் மறதிநோய், மனநலம், உடல் ஊனம், சுத்தமான குடிநீர் ஆகியவற்றில் வேலை செய்யும் தொண்டு அமைப்புகளோடு சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கியது. எதில் இறங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பிள்ளைகளிடம். அந்தத் துறையின் அறிவைக் கொடுப்பது தொண்டு அமைப்பு. மறதிநோய் வந்த தாத்தாவிடம் எப்படிப் பேசுவது என்று பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தத் துறைக்காரர்கள் கற்றுத்தந்தால் அது அவளுக்குக் கடைசிவரை கூட வரும். நன்கொடை உண்டியலைக் குலுக்கியதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! உலகச் சாரணியர் சங்கமும் ஐ.நா. பெண்கள் அமைப்பும் சேர்ந்து, பெண்கள் மீதான வன்முறையைப் பற்றி 5 வயது முதல் 25 வயது வரையுள்ளவர்களுக்கு வயதுக்கு ஏற்றபடி பாடத்திட்டம் ஒன்றை உருவாக்கியிருக்கின்றன. அமெரிக்காவில் சாரணர்களின் மிக உயர்ந்த தகுதியான ஈகிள் விருதுக்குச் செய்ய வேண்டிய சேவைப் பணியில் இத்தனை மணி நேரம் என்று கணக்கே கிடையாது. சாரணர் அமைப்புக்கு வெளியே உள்ள பள்ளிக்கோ, வழிபாட்டு அமைப்புக்கோ, ஊர்ச் சமூகத்துக்கோ அது பயன்பட வேண்டும், திட்டம் போட்டு மற்றவர்களை வழிநடத்த வேண்டியவர் அந்த இளைஞர், அவ்வளவுதான். மணிக்கணக்கைத் தலைப்பில் போடுபவர்கள் இந்த விதியை ஒருமுறை படிக்க வேண்டும்.

தொண்டு நிறுவனங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பனியனுக்கும் மேடைக்கும் ஆகும் பணத்தைப் பொறுப்பாளர்களின் பயிற்சிக்குக் கொடுங்கள். படை நடத்த ஆள் இல்லாமல்தான் பல இடங்களில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். சீருடை வாங்க முடியாத பிள்ளைக்கும், முகாம் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கும் கொடுங்கள். அதுவும் மற்றவர்களுக்குத் தெரியாமல் கொடுங்கள். 1958இல் பிரிட்டனில் பிறந்த ஏறத்தாழ 10,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. சிறுவயதில் சாரணர், சாரணியராக இருந்தவர்களுக்கு 50 வயதில் மனப்பதற்றமோ மனநிலைக் கோளாறோ வரும் வாய்ப்பு சுமார் 15 சதவீதம் குறைவாக இருந்தது. ஏழைக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது கூடுதலாக உதவியதாகத் தெரிகிறது. கட்டணம் கட்ட முடியாமல் வாசலோடு திரும்பிப் போகும் பிள்ளைக்குத்தான் இதெல்லாம் அதிகம் தேவை.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கச் சாரணர் அமைப்பு 2020இல் திவால் பாதுகாப்பு கோரியது. சிறுவயதில் தாங்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 80,000க்கும் மேற்பட்டோர் அந்த வழக்கில் முறையிட்டார்கள். அந்த எண்ணைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆகவே எந்த ஒப்பந்தமாக இருந்தாலும் முதல் பக்கத்தில் பிள்ளைகளின் பாதுகாப்பு இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. நிறுவனத்திலிருந்து வருபவர்களின் பின்னணியையும் விசாரிக்க வேண்டும். புகார் சொல்ல வேண்டியிருந்தால் யாரிடம் சொல்வது என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பணம் கொடுப்பவர் என்ற மரியாதைக்காக இதில் எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அந்தக் கயிறு ஒரு மழைக்காலம் முடிவதற்குள் நைந்துவிட்டது. நிறுவனத்தாரின் ஒப்பந்தம் அதற்குள் முடிந்திருந்தது. ஆனால் அந்த அணித்தலைவி தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் கயிற்றைத் தடவிப் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்து, அடுத்து வந்த தலைவியிடம் நோட்டைக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். புதுக் கயிறு கட்டியது நான் பெயர்கூடச் சரியாகப் பழகியிராத புதுப் பிள்ளைகள்.

உங்கள் நிருபர் மறுபடியும் இப்படி ஒரு நிகழ்ச்சிக்குப் போனால் மேடையில் இருப்பவர்களிடம் பேசுவதற்கு முன்னால் அணித்தலைவர்களில் ஒருவரைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யலாம் என்று முதலில் சொன்னது யார், அடுத்த மாதமும் இங்கே வருவீர்களா என்று இரண்டே கேள்வி கேட்டு, வரும் பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற சாரணியர் பொறுப்பாசிரியை