பேட்டைப் பிள்ளை தலைப்பை விட்டு விலகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 15 அன்று தங்கள் நாளிதழோடு வந்த சுதந்திர தின மலரை ஒரு வரி விடாமல் படித்தேன். நடுப்பக்கத்தில் நெல்லைச் சீமையின் விடுதலைப் போராட்டத்தை எழுதியிருந்தீர்கள். பூலித்தேவர், கட்டபொம்மனில் தொடங்கி வ.உ.சி., பாரதி, வாஞ்சிநாதன் வரை படத்தோடு வந்திருந்தது. என் பேரனுக்கு அதை வெட்டி நோட்டில் ஒட்டிக் கொடுத்தேன். ஒட்டும்போதுதான் கவனித்தேன், அந்தப் பக்கம் முழுவதிலும் ஒரு முஸ்லிம் பெயர்கூட இல்லை.

அதற்கு நான்கு நாள் முன்னால் நடந்த ஒன்று நினைவுக்கு வராமல் இருந்திருந்தால், இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன்.

நான் 31 வருஷம் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவள். ஒரு பள்ளியில் பேச்சுப்போட்டிக்கு நடுவராக வரச் சொன்னார்கள். ஏறக்குறைய உங்கள் நடுப்பக்கத்தின் அதே தலைப்புதான். வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் வ.உ.சி.யைப் பேசினார்கள், மீதிப்பேர் கட்டபொம்மன் வசனத்தைப் பேசினார்கள். நெல்லை டவுனை அடுத்த பேட்டையிலிருந்து வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் எழுந்து, "எங்க ஊர்ல பொறந்த ஒருத்தர் காந்தி சொன்னாருன்னு பி.ஏ. பரீட்சை எழுதாம வந்துட்டாரு" என்று ஆரம்பித்தாள். காயிதே மில்லத் முகமது இஸ்மாயிலைப் பற்றிய பேச்சு. கையில் குறிப்புச்சீட்டு இல்லை. ஐந்து நிமிஷத்தில் ஒரு இடத்தில்தான் தடுமாறினாள்.

மதிப்பெண் கூட்டும்போது பக்கத்திலிருந்த நடுவர் சொன்னார்: "பிள்ளை நல்லாத்தான் பேசுது டீச்சர், ஆனா தலைப்பை விட்டு விலகிடுச்சு. அவர் முஸ்லிம் லீக் தலைவர்லா, சுதந்திரப் போராட்டத்துல எங்க வந்தாரு?" நான் வாதாடினேன். ஆனாலும் அவளுக்கு ஆறுதல் பரிசுதான் கிடைத்தது.

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் அதே தப்பைச் செய்தவள்தான். வேலையில் இருந்தபோது ஒரு மாணவன், துருக்கி கலீபாவின் பதவியைக் காக்கக் கோரி இங்குள்ள முஸ்லிம்கள் நடத்திய கிலாபத் இயக்கத்தில் நம்ம ஊர் ஆட்கள் யார் யார் என்று கேட்டான். "அது பரீட்சைக்கு வராதுப்பா, அடுத்த பாடத்துக்குப் போவோம்" என்றேன். அவன் முகம் இன்னும் மனசில் இருக்கிறது.

சரி, அந்த நடுவரின் கேள்விக்கு வருகிறேன். 1920-ல் லீக் ஒரு கரை, காங்கிரஸ் எதிர்க்கரை என்று பார்ப்பது பிற்காலத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பது. ஒத்துழையாமையும் கிலாபத்தும் அன்று ஒரே மேடையில் நடந்தன. ஹக்கீம் அஜ்மல் கான் 1919-ல் லீக் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார், 1921-ல் அகமதாபாத் காங்கிரசுக்கும் தலைமை தாங்கினார். டாக்டர் அன்சாரியும் அப்படியே. லீக் மாநாட்டில் தலைவராக அமர்ந்தவர்தான் 1927-ல் சென்னையில் கூடிய காங்கிரசுக்கும் தலைவர். அதற்கு நாற்பது வருஷம் முன்னால், 1887-ல், அதே சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரசுக்குத் தலைவர் பத்ருதீன் தியாப்ஜி. பூரண சுதந்திரம்தான் வேண்டும் என்று அகமதாபாத்தில் எழுந்து நின்றவர் ஹஸ்ரத் மொஹானி. காந்தியே அன்று அதை ஏற்கவில்லை. பூரண சுதந்திரமே குறிக்கோள் என்று காங்கிரஸ் தீர்மானம் போட்டது அதற்கு ஆறு வருஷம் கழித்து, அன்சாரி தலைமையில் சென்னையில்தான். அப்படிப்பட்ட காலத்தில்தான் பேட்டை இஸ்மாயில் படிப்பை விட்டு வந்தார். 1896-ல் பிறந்தவர், இருபத்து நாலு வயசு. நம் டவுன் ம.தி.தா. இந்துக் கல்லூரியில் படித்து, பிறகு திருச்சிக்கும் சென்னைக்கும் போனவர். அந்தக் காலத்தில் ஒரு பி.ஏ. பட்டம் என்றால் ஒரு குடும்பத்துக்கே விடிவு. அதை உதறிவிட்டு வந்த பிள்ளையைச் சுதந்திரப் போராட்டத்தில் சேர்க்க முடியாது என்றால் வேறு யாரைச் சேர்ப்பது?

பின்னால் அவர் லீக்கில் இருந்தார் என்பதும், லீக் 1940-ல் நாட்டைப் பிரிக்கக் கேட்டது என்பதும் உண்மைதான். அதைப் பிள்ளைகளிடம் மறைக்கவும் வேண்டாம். ஆனால் அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லீக் லாகூரில் அந்தத் தீர்மானத்தைப் போட்ட அதே 1940 மார்ச்சில், அதே வாரத்தில், ராம்கரில் காங்கிரஸ் தலைவராக நின்று மௌலானா ஆசாத் நேர் எதிராகப் பேசினார். 1300 வருஷத்து இஸ்லாமிய மரபும் தன்னுடையது, பிரிக்கமுடியாத இந்தியத் தேசியமும் தன்னுடையது என்றார். ஒரே மதம், ஒரே வாரம், இரண்டு அரசியல். இதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளுக்குத் தானே விளங்கும், முஸ்லிம் தலைவர்கள் என்றால் எல்லாரும் ஒரே குரலில் பேசியவர்கள் இல்லை என்று.

ஆசாத்தைப் பற்றி நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் முதல் கல்வி அமைச்சர், நவம்பர் 11 கல்வி நாள், அவ்வளவுதான். 1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியபோது காங்கிரஸ் தலைவர் அவர்தான். மறுநாள் விடியும் முன்பே கைது. அகமதுநகர் கோட்டையில் அவர் அடைபட்டிருந்தபோது, 1943-ல், கல்கத்தாவில் மனைவி சுலைகா பேகம் நோயில் இறந்துபோனார். வெளியே விடு என்று அரசாங்கத்திடம் கேட்க ஆசாத்துக்கு மனம் வரவில்லை. கடைசியாக முகத்தைப் பார்க்கவும் இல்லை. வகுப்பில் இதை நான் சொன்ன ஒரே ஒரு தடவை, கடைசி பெஞ்சுப் பையன்கள்கூட அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்புறம் வ.உ.சி. கதை. அதிலும் ஒருவர் விடுபட்டுப் போகிறார். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது மூலதனம் பத்து லட்சம், ஒரு பங்கு 25 ரூபாய். அதில் ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்கு எடுத்தார். பெருக்கிப் பாருங்கள், இரண்டு லட்சம் ரூபாய், ஐந்தில் ஒரு பங்கு. கப்பலோட்டிய தமிழர் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தக் கப்பலுக்கு அள்ளிக் கொடுத்தவர் பெயரை உங்கள் மலரில் ஒரு வரியாவது போட்டிருக்கலாம். வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதப்போகிறோம் என்று தெரிந்தே போட்ட பணம் அது. அந்தக் கம்பெனி நொடித்துப்போனதும் நமக்குத் தெரியும்.

என் வருத்தம் எண்ணிக்கையைப் பற்றியது இல்லை. மலரில் ஒரு ஓரமாகப் பெட்டி கட்டி, 'இவர்களும் போராடினார்கள்' என்று பத்துப் பெயரை அடுக்கி வைத்தால் அதுவும் எனக்குச் சம்மதம் இல்லை. வ.உ.சி.யைப் பற்றி எழுதும்போது அதே பத்தியிலேயே பக்கீர் சேட் வரவேண்டும். 1920-ஐ எழுதும்போது பேட்டையும் வரவேண்டும். 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி விவாதம் நடந்தபோது, இந்த மண்ணின் மிகப் பழைய மொழிகள் திராவிட மொழிகள், அதில் தமிழுக்கு அந்தத் தகுதி உண்டு என்று எழுந்து வாதாடியவரும் அதே இஸ்மாயில் சாகிப்தான். தமிழ்நாட்டில் மொழிப்பற்றைப் பேசும் யாரும் அதைத் தாண்டிப் போகமுடியாது. டவுனில் பிள்ளைகளிடம் காயிதே மில்லத் யார் என்று கேட்டால், "சென்னையில ஒரு காலேஜ் பேரு டீச்சர்" என்கிறார்கள். பேட்டை டவுனிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த ஜூன் 5 அவருடைய பிறந்த நாள். அதற்குள் உங்கள் நிருபர் ஒருவரை பேட்டைக்கும் மேலப்பாளையத்துக்கும் அனுப்புங்கள். பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். பழைய பெட்டிகளில் கடிதமோ நோட்டீசோ இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். கிலாபத் காலத்துக் கதைகளைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டவர்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

அந்தப் பெண் பேசியதை நாலு பக்கத்துக்கு எழுதித் தரச் சொன்னேன். மறுநாளே எழுதிக் கொண்டுவந்துவிட்டாள். அவள் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டு இதோடு இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்றார் அவர். எழுத்துப்பிழை இரண்டு மூன்று இருக்கும், திருத்திக்கொள்ளுங்கள். 'எங்க ஊர்ல பொறந்த ஒருத்தர்' என்ற முதல் வரியை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
திருநெல்வேலி டவுன்.