இயன்மருத்துவர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, நுவரெலியா, ஹட்டன், பதுளை, பண்டாரவளை என்று பல பக்கமிருந்தும் விடியற்காலையிலேயே பஸ் பிடித்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நிர்வாகக் குழு ஒழுங்காகக் கூடியது. மழையும் மண்சரிவு எச்சரிக்கையும் சேர்ந்து ஒரு கூட்டத்தை மட்டும் தள்ளிப்போட வைத்தன. புதிதாகச் சேர்ந்தவர்களில் அதிகமானோர் பேராதனையில் பட்டம் முடித்த இளையவர்கள். கணக்கு விபரத்தைப் பொருளாளர் சொல்வார். சந்தா பாக்கி வைத்திருப்போரின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை, அவர்களுக்கே தெரியும்.

இந்த ஆண்டு நமது படிப்பு வட்டம் பெரும்பாலும் ஒரே விடயத்தைச் சுற்றியே பேசியது. மூட்டையும் முதுகெலும்பையும் கையாலேயே சோதித்துச் சிகிச்சை செய்யும் மேனுவல் தெரபியில், உயர்நிலைப் பரீட்சைகளில் நம்மைச் சோதிக்க உட்காரும் பரீட்சகர்கள் யார், எந்த வேலையிலிருந்து வந்தவர்கள் என்பதுதான் அது. இதற்குக் காரணம் உண்டு. வெளிநாடு போகும் எண்ணத்தில் சிலர் படிக்கிறார்கள். இன்னும் சிலர் ஹோட்டல் மண்டபத்தில் சனி, ஞாயிறு நடக்கும் வகுப்புக்குப் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கி வருகிறார்கள். அப்படியான ஒரு வகுப்பில் பாடம் எடுத்தவரே பரீட்சையும் வைத்தார், சான்றிதழிலும் அவரே கையெழுத்துப் போட்டார். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்கக் கனடா முறையை எடுத்துக்கொண்டோம். கனடிய இயன்மருத்துவச் சங்கத்தின் எலும்பு-மூட்டுப் பிரிவு நடத்தும் பாதையில் இடைநிலை, உயர்நிலை என்று படிகள் உண்டு. உயர்நிலையைத் தாண்டியவர்தான் பெயருக்குப் பின்னால் எஃப்.சி.ஏ.எம்.பி.டி. என்று, மேனுவல் தெரபியில் தேர்ந்தவர் என்பதைக் காட்டும் எழுத்துக்களைப் போடலாம். பல்கலைக்கழக முதுநிலைப் பட்டம் வழியாகவும் அங்கே போய்ச் சேரலாம். பரீட்சகர்கள் அதே படிகளை ஏறி வந்தவர்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவராக இருப்பார், ஒருவர் சொந்த கிளினிக் வைத்திருப்பார், இன்னொருவர் விளையாட்டு வீரர்களைப் பார்ப்பவராகவோ பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவராகவோ இருப்பார். இவற்றில் இரண்டு மூன்றை ஒருவரே செய்வதும் சாதாரணம். உலக மட்டத்தில் இதற்கு வரையறை வைப்பது 1974 இல் மொன்றியலில் தொடங்கிய ஐஃபோம்ப்ட் என்ற, மேனுவல் தெரபி செய்யும் இயன்மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு. மாணவர் குறைந்தது 150 மணித்தியாலம் அனுபவசாலி ஒருவரின் கண்காணிப்பில் நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. ஹோட்டல் மண்டபத்தில் ஒரு நோயாளிகூட இல்லை.

இந்தத் துறையை வளர்த்த முன்னோடிகளும் ஒரே வழியில் வந்தவர்கள் அல்லர். நோர்வேயின் ஃபிரெடி கால்டன்போர்ன் முதலில் உடற்பயிற்சி ஆசிரியர். இயன்மருத்துவம் படித்த பிறகு லண்டனில் சைரியாக்ஸ் என்ற வைத்தியரிடமும், அப்புறம் எலும்பு, மூட்டு, தசைகளைக் கையாலேயே சரிசெய்யும் ஒஸ்டியோபதிக்காரர்களிடமும் கற்றுக்கொண்டார். அவுஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மெய்ட்லண்ட் அடிலெய்டில் நோயாளிகளைப் பார்த்தபடியே கற்பித்தவர். முதுகெலும்புச் சிகிச்சை பற்றிய அவருடைய நூல் 1964 இல் வந்தது. நியூசிலாந்தில் பிறந்த ஸ்டான்லி பரிஸ் அமெரிக்கா போய், பின்னாளில் பல்கலைக்கழகமாக வளர்ந்த ஒரு கல்வி நிலையத்தைத் தொடங்கினார்.

சரி, பேசிக்கொண்டே இருந்தால் போதாது என்று ஹட்டனில் ஒரு மண்டபம் எடுத்து மாதிரிப் பரீட்சை ஒன்றை நடத்தினோம். 1975 இல் ஸ்கொட்லாந்தின் டண்டீயில் ஹார்டன் என்ற மருத்துவக் கல்வியாளர் அறிமுகப்படுத்திய முறையைத்தான் பின்பற்றினோம்; அதில் பரீட்சை எழுதுபவர் ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று என்று போடப்பட்ட சோதனை நிலையங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக மாறிப் போவார். பரீட்சகர்களை வேண்டுமென்றே வெவ்வேறு இடங்களிலிருந்து அழைத்தோம்: அரச வைத்தியசாலையில் ஓய்வு பெற்ற ஒருவர், பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவர் ஒருவர், தனியார் கிளினிக் நடத்துபவர் ஒருவர், தோட்டங்களுக்கு நடமாடும் கிளினிக் கொண்டுபோகும் அக்கா ஒருவர். கடைசியாகச் சொன்னவருக்கு முதுநிலைப் பட்டம் இல்லை என்று குழுவிலேயே முணுமுணுப்பு எழுந்தது. அவரை அழைத்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

கழுத்துவலி நிலையத்தில், பல வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா நோயாளியாக உட்கார்ந்தார். நமது இளைய உறுப்பினர் நன்றாகவே தொடங்கினார். தலைச்சுற்று, பார்வை, விழுங்குவதில் சிரமம் எல்லாம் கேட்டார், பிரஷரும் எடுத்தார். கழுத்தில் கைவைக்கும் முன் இரத்தநாளக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் ஐஃபோம்ப்ட் வழிகாட்டி 2020 இல் திருத்தப்பட்டது; அவர் அதைப் படித்திருந்தார். கற்பிப்பவர், "இந்தச் சோதனை இல்லை என்று காட்டினால் நோய் இல்லை என்று எந்த அளவுக்கு நம்பலாம்?" என்று கேட்டார். ஓய்வு பெற்றவர் ஒன்றும் கேட்கவில்லை, குனிந்து பெருவிரல் எந்த முள்ளெலும்பின் மேல் இருக்கிறது என்று மட்டும் பார்த்தார். தனியார் கிளினிக் நடத்துபவர், "இரண்டாம் தடவை வராமலே போனால் வீட்டில் செய்ய எதைச் சொல்லி அனுப்புவீர்கள்?" என்றார்.

கடைசியில் அக்கா கேட்டார்: "தம்பி, கூடைக் கயிறு தலையில எங்க படும்னு கேட்டீங்களா?" இளையவர் கேட்டிருக்கவில்லை. அம்மா தானே உச்சந்தலையில் விரல் வைத்து, "இங்கதான் தம்பி, இழுத்துப் பிடிக்கும். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு இறங்கிறப்பதான் கழுத்து பின்னாடி போகும்" என்று எழுந்து நின்று காட்டினார். தலை முன்னுக்குத் தள்ளி, தாடை மேலே ஏறி, மேல்கழுத்து மடிந்து நின்றது. பிறகு அந்த இளையவர் சோதித்த மூட்டும் வேறு, கொடுத்த பயிற்சியும் வேறு.

நால்வரும் போட்ட புள்ளிகள் ஒத்துப்போகவில்லை. அதனால் மதிய சாப்பாட்டுக்குப் பின் பெரிய வாக்குவாதமே நடந்தது. பார்சல் சோறு ஆறிப்போனதுதான் மிச்சம். பட்டம் பெரிதா அனுபவம் பெரிதா என்று சிலர் அதைத் திருப்பப் பார்த்தார்கள். அந்தப் பேச்சில் எனக்கு ஈடுபாடு இல்லை. இன்றைக்கும் நோயாளியைத் தொடுகிறாரா, தான் படிப்பித்தவரையே சோதிக்கிறாரா, பக்கத்தில் வேறு பின்னணிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா என்ற மூன்றையும் பார்த்தால் ஒரு பரீட்சையின் தரம் ஓரளவு தெரிந்துவிடும்.

இதன்படி நிர்வாகக் குழு சில முடிவுகளைச் சபைக்கு முன்வைக்கிறது. எந்தக் குறுங்கால வகுப்புக்கும் சங்கத்தின் பெயரைக் கொடுக்கும் முன் அதன் பரீட்சகர்களின் பணி விபரத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். நமது மாதிரிப் பரீட்சையில் ஒரு நிலையத்துக்கு இருவர் என்று, வேறு வேறு பணியிடத்திலிருந்து பரீட்சகர்களை அமர்த்த வேண்டும். தோட்ட கிளினிக்கில் வேலை செய்யும் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். நோயாளியாக வந்து உதவுவோருக்குப் போக்குவரத்துச் செலவோடு ஒரு நாள் சம்பளமும் கொடுக்க வேண்டும். இந்த முறை பஸ் காசு மட்டும்தான் கொடுத்தோம், அது போதாது.

அடுத்த மாதிரிப் பரீட்சையைப் பதுளைப் பக்கம் வைக்கும்படி அங்குள்ளவர்கள் கேட்டிருக்கிறார்கள். மண்டபமும் இரண்டு சிகிச்சைக் கட்டில்களும் கிடைத்தால் வைக்கலாம். கட்டில் தரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்கவும்.

இவ்வறிக்கையைச் சபையின் ஏற்புக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்