மொரிஷியஸில் உள்ள நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட்ட செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் பெரியோர்களே, சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

தைப்பூசக் காவடிக்கு வழக்கம்போல் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். சித்திரைப் புத்தாண்டுக்கு வாழையிலையில் ஏழு கறியோடு சாப்பாடு நடந்தது. புரட்டாசியில் பஜனை, தீபாவளிக்குப் பிள்ளைகளின் கலைநிகழ்ச்சி. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு தடையில்லாமல் நடக்கிறது. செயற்குழு மாதாமாதம் கூடியது. பல கூட்டங்களில் பாதி நாற்காலி காலியாகவே கிடந்தது.

இந்த ஆண்டின் பெரிய வேலை ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில், பிரான்ஸுக்குச் சொந்தமான பக்கத்துத் தீவு ரெயூனியனுக்குப் போன பயணம். இது என் யோசனை என்பது எல்லோருக்கும் தெரியும். "தமிழ்ச் சங்கத்துக்கும் மலை ஏரி பார்ப்பதற்கும் என்ன சம்பந்தம்?" என்று போன பொதுக்கூட்டத்திலேயே கேட்டார்கள். அதற்கான பதிலை இங்கே எழுத்தில் வைக்க விரும்புகிறேன்.

பிளெசான்ஸ் விமான நிலையத்தில் ஏறினால் முக்கால் மணி நேரப் பயணம். நமக்கு விசா வேண்டாம். இவ்வளவு பக்கத்தில் இருக்கும் தீவில் ஐந்தில் இரண்டு பங்கு நிலம் தேசியப் பூங்கா. 2007-இல் பூங்காவாக அறிவித்தார்கள். 2010-இல் யுனெஸ்கோ அதன் சிகரங்களையும் மலைச்சுவர்களையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் ஊரில் மிக உயர்ந்த மலையே 828 மீட்டர்தான். அங்கே பித்தோன் தே நேஜ் சிகரம் 3,070 மீட்டர். நம் பிள்ளைகள் பாரிஸைப் பற்றிச் சொல்வார்கள், பக்கத்துத் தீவைக் கேட்டால் விழிப்பார்கள். இது எனக்கு வெகுநாளாக மனக்குறை.

முதலில் சேந்த் ஆந்த்ரேக்குப் போனோம். நம் முன்னோர் இங்கே வந்த மாதிரியே கரும்புக் காட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வாரிசுகள் நிறைய வாழும் ஊர் அது. அங்கே அவர்களை மலபார் என்பார்கள். கோயிலில் எங்களுக்குச் சாப்பாடு போட்டு உபசரித்தார்கள். பேச்சு முழுக்கக் கிரியோல் மொழியில். கற்பூரம் காட்டும்போது மட்டும் தமிழில் பாடினார்கள். நம் தமிழ் வகுப்புப் பிள்ளைகளும் கூடவே பாடினார்கள். சம்பந்தம் என்ன என்று கேட்டவர்கள் அப்போது அங்கே இருந்திருக்க வேண்டும்.

அங்கிருந்து சலாஸி பள்ளத்தாக்குக்குள் ஏறினோம். சாலையோரம் எங்கே பார்த்தாலும் அருவி, சரிவெல்லாம் சௌசௌப் பந்தல். மேலே எல்பூர் கிராமம். 1830-களில் அங்கே வெந்நீர் ஊற்று கண்டுபிடித்த பிறகு, வசதியானவர்கள் கடற்கரை வெக்கையிலிருந்து தப்பிக்க வந்து வீடு கட்டினார்கள். 1948-இல் அடித்த புயலில் குளியல் நிலையம் அழிந்துவிட்டது. வீடுகளில் பல இன்னும் நிற்கின்றன. அவற்றில் ஒன்றான ஃபோலியோ வீட்டை உள்ளே போய்ப் பார்த்தோம். கூரை விளிம்பில் ஜரிகை மாதிரி வெட்டித் தொங்கவிட்ட அலங்காரப் பலகை, தோட்ட மூலையில் தெருவைப் பார்த்தபடி ஒரு சின்ன மண்டபம். அந்த மண்டபத்துக்கு கெத்தாலி என்று பெயர். வீட்டுப் பெண்கள் அதில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் பார்ப்பார்களாம், தெருவில் போகிறவர்களுக்கு அவர்கள் தெரியமாட்டார்களாம். நம் பிள்ளைகள் அதற்குள் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார்கள். இதே காலத்து மர வீடுகள் நம் ரோஸ்ஹில்லிலும் கியூர்பிப்பிலும் இருந்தன. நாம் இடித்துக் கான்கிரீட் போட்டோம், அவர்கள் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் கிரான் எத்தாங் ஏரி. நம் ஊர் கங்கா தலாவ் ஏரி எரிமலை வாய்க்குள் தேங்கிய நீர். இது அப்படியில்லை; பழைய எரிமலைக் குழம்பு ஓடிவந்து பள்ளத்தாக்கை அடைத்ததால் உண்டான ஏரி. மழைக்கு ஏற்ப ஏறும், இறங்கும். சுற்றிவர மலைச்சுவர், ஒரு பக்கம் அருவி. பாதையெல்லாம் சேறு. நம் சங்கத்தின் மூத்த அம்மா ஒருவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பேரன் தோளைப் பிடித்தபடி அருவிவரை நடந்தார். இளைஞர்களில் சிலர் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கடைசியாக பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை. அதைப் பார்க்க நிற்கும் பா தெ பெல்கோம்ப் விளிம்பு 2,300 மீட்டருக்கு மேலே இருக்கிறது. விடியற்காலையில் போனோம், பத்து மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடும். குளிர் எலும்புவரை ஏறியது. கம்பளி கொண்டு வாருங்கள் என்று நான் அச்சடித்துக் கொடுத்த தாளைப் படித்தவர்கள் கஷ்டப்படவில்லை.

இனி மனத்தாங்கல். பெயர் கொடுத்தவர்களில் பலர் கடைசி வாரத்தில் பின்வாங்கினார்கள். கல்யாணம், காய்ச்சல், லீவு கிடைக்கவில்லை. சரி, யாருக்கும் வரக்கூடியதுதான். ஆனால் பெரிய பஸ்ஸுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. ஆள் குறைந்ததால் வந்தவர்கள் தலைக்குக் கூடுதலாகப் போட்டார்கள். வராத ஒருவர்கூட அந்தப் பங்கைத் தர முன்வரவில்லை. சங்கப் பணத்தில் ஊர் சுற்றினார்கள் என்ற பேச்சும் என் காதுக்கு வந்தது. விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவரவர் கைப்பணம். பஸ் வாடகையில் ஒரு பகுதி மட்டும் சங்கம் தந்தது, அதற்குத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

கணக்கு விவரம் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறக்குறைய சமம், சிறிய துண்டு விழுந்திருக்கிறது. சந்தா முழுதாக வந்திருந்தால் அந்தத் துண்டு விழுந்திருக்காது. சில குடும்பங்கள் வருடக்கணக்கில் பாக்கி வைத்திருக்கிறார்கள். ஏழு கறிச் சாப்பாட்டுக்கு மட்டும் குடும்பத்தோடு வருகிறார்கள். தமிழ் வகுப்பு ஆசிரியைக்குத் தரும் சிறு தொகையும் இந்தச் சந்தாவிலிருந்துதான் போகிறது என்பதை மனதில் வைக்க வேண்டுகிறேன்.

தலைவர், பொருளாளர், மண்டபம் தந்த கோயில் நிர்வாகம், சமையலில் கைகொடுத்த மாதர் குழு, அன்போடு வரவேற்ற ரெயூனியன் நண்பர்கள் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு செலவு குறைவான பயணமாக நம் ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்கா, பக்கத்தில் கங்கா தலாவ், திரும்பும் வழியில் மோக்காவில் 1830-இல் கட்டிய யுரேகா மாளிகை. ரெயூனியனுக்கு வர வசதிப்படாதவர்களும் இதற்கு வரலாம். ஆனால் பஸ் பேசுவதிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் கட்டுவதுவரை ஒரே ஆள் ஓட முடியாது. என் உடம்பும் முன்போல் இல்லை. துணைச் செயலாளர் பதவிக்கு இளைஞர்களில் யாராவது இன்றே பெயர் கொடுத்தால்தான் நான் இன்னொரு வருடம் இந்தப் பொறுப்பில் தொடர முடியும். பயணத்துக்குப் பெயர் எழுதும் நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. சந்தா பாக்கி இல்லாதவர்களுக்கு முதலில் இடம். முன்பணத்தைப் பெயரோடு சேர்த்துப் பொருளாளரிடம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்